மேயரின் காலை வாரிய குறிப்பேடு

களைத்துப்போனவர்கள் குறிப்பேடு வைத்திருக்கக் கூடாது. அப்படியே வைத்திருந்தாலும் அதைக் கதிரையில் விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடக் கூடாது. நான் ஓடினேன். அதனால் பிரான்சின் நடுப்பகுதியில் முந்நூறு பேர் வாழும் ஒரு கிராமத்தில் ஆட்சி கவிழ்ந்தது. (ஆட்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேயர், பத்து உறுப்பினர்கள், ஒரு உழவு இயந்திரம். ஆனாலும் கவிழ்ந்தது கவிழ்ந்ததுதான்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மானிடவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் எங்களுடைய ஊர்களுக்கு வந்து, நாங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறோம், யார் வீட்டில் சம்பந்தம் செய்கிறோம் என்று எழுதி எழுதியே பேராசிரியர்கள் ஆனார்கள் அல்லவா? இப்போது நான் போய் அவர்களுடைய கிராமத்தில் உட்கார்ந்து அவர்களுடைய அரசியலை எழுதப்போகிறேன். இதுதான் என் திட்டம். பல்கலைக்கழகத்தில் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். வீட்டில் சொன்னபோது அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

அப்பாவுக்குப் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை. நாங்கள் இருந்தது பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில்.

"அவங்கட அரசியலைப் பாக்கிறதுக்கு ஏன் பிள்ளை அவ்வளவு தூரம் போறாய்? இஞ்சை எங்கட சங்கத்துக் கூட்டத்துக்கு ஒருக்கா வா. நாலு மணித்தியாலத்திலை முழுக்கப் பாத்திடலாம்."

"அது வேறை அப்பா. இது ஆய்வு."

"அங்கை அடிபிடி நடக்குமோ?"

"இல்லை."

"அப்ப என்னத்தை ஆயப்போறாய்?"

நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். படித்தவர்கள் பார்க்கும் அந்தப் பார்வையோடு இப்போது யாராவது என்னைப் பார்த்தால் எழுந்து போய்விடுவேன்.

கிராமத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே பழைய பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் ஓர் அறையை எனக்கு வாடகைக்குத் தந்தார்கள். மேயரின் பெயர் மிஷேல். அறுபத்தெட்டு வயது, ஆடு வளர்ப்பவர், மூன்று தேர்தலாக அவர்தான் மேயர். துணை மேயர் ழெரார், அவரோடு முதல் வகுப்பிலிருந்து படித்தவர். நகராட்சி அலுவலகத்தைப் பிரெஞ்சில் 'மேரி' என்பார்கள். எங்கள் மேரி வாரத்தில் இரண்டு அரை நாட்கள் மட்டும் திறந்திருக்கும். அதைத் திறப்பது, மூடுவது, குளிர்காலத்தில் கணப்பைப் போடுவது, கடிதம் எழுதுவது எல்லாம் செயலாளர் ஒடீல் என்ற பெண்மணி. என் பெயர் சுகந்தி. முதல் நாளே அவர்கள் அதைச் சுசான் என்று திருத்திக்கொண்டார்கள்.

பதினொரு மாதம் அங்கே இருந்தேன். அந்தப் பதினொரு மாதமும் கிராமத்தின் பெரிய அரசியல் பிரச்சினை ஒரு வாங்கு, அதாவது நாலு பேர் உட்காரும் பெஞ்சு. சதுக்கத்தில் போடவிருக்கும் அந்தப் புதிய வாங்கு தேவாலயத்தைப் பார்த்து இருக்க வேண்டுமா, வீதியைப் பார்த்து இருக்க வேண்டுமா என்று சபை ஏழு தடவை கூடியது. ஏழு தடவையும் நான் பின்வரிசையில் இருந்து எழுதினேன். யார் பேசும்போது யார் சன்னலைப் பார்க்கிறார், மேயர் யாருக்குக் கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுக்கிறார், யாருக்கு வெறும் கை கொடுக்கிறார் என்றெல்லாம் கட்டம் போட்டு வைத்திருந்தேன். (முத்தக் கணக்கு எழுதும் மகளைப் பெற்றதற்காக அம்மா நேர்த்திக்கடன் வைக்காதது பெரிய விஷயம்.)

கிராமம் கெட்ட கிராமம் இல்லை. என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார்கள், தோட்டத்துத் தக்காளி தருவார்கள். ஆனால் ஒன்றையும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். பதினொரு மாத மழையும் என் குறிப்பில் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் பஸ், பிறகு ரயில், பிறகு வில்லியே லே பெல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க லா ஷப்பலின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடையில் நின்று காப்புகளைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் வைப்பதும். திங்கள் விடிய மறுபடியும் ரயில். அந்த ஆண்டு நான் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினேன். ஒருமுறை ஒரு மரணவீட்டில் தூங்கி, ஆழ்ந்த துக்கம் என்று பாராட்டுப் பெற்றேன்.

குறிப்புகளை நான் தமிழில்தான் எழுதினேன். "கள ஆய்வில் எழுதுவதை ஊர்க்காரர்கள் படிக்க முடியாமல் பார்த்துக்கொள்" என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். மற்ற மாணவர்கள் குறியீடு கண்டுபிடித்து, பிறகு தாங்களே அதை மறந்து அழுதார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. கோடிக்கணக்கானவர்கள் பேசும் ஒரு மொழியை ரகசிய மொழி என்று நம்பிய முதல் ஆய்வாளர் நானாகத்தான் இருப்பேன்.

தேர்தலுக்கு நான்கு மாதம் இருந்தபோது முதல்முறையாக ஒருவர் எனக்கு உண்மையான விஷயம் ஒன்றைச் சொன்னார். ழெரார். அவருடைய கொட்டகையில் விறகு அடுக்க உதவிக்கொண்டிருந்தேன். இந்த முறை மிஷேலுக்கு எதிராகத் தனிப் பட்டியல் போடப்போவதாகவும், எட்டுப் பேர் சம்மதித்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

"அறுபது வருஷம் அவனுக்குப் பின்னால் நடந்துவிட்டேன், சுசான். ஒரு தடவை முன்னால் நடந்து பார்க்க வேண்டும். நானே அவனிடம் சொல்லும்வரை நீங்கள் யாருக்கும் சொல்லக் கூடாது."

"சத்தியமாகச் சொல்ல மாட்டேன்," என்றேன். சொல்லவும் இல்லை. எழுதினேன்.

அடுத்த சபைக் கூட்டத்தன்று வாங்குப் பேச்சு நீண்டுபோய் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து ஓடினேன். ரயிலில் ஏறிப் பையைத் திறந்தால் குறிப்பேடு இல்லை. பையைக் கவிழ்த்துத் தேடினேன். பிறகு, அங்கே யாருக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பாரிஸ் வரை அருமையான தூக்கம்.

குறிப்பேட்டைக் கண்டெடுத்தவர் ஒடீல். கைபேசியை எழுத்துக்கு மேலே பிடித்தால் மொழிபெயர்த்துத் தருகிற செயலி ஒன்று இருப்பதை ஒடீலின் மருமகள் அன்று பின்னேரமே அவருக்குக் காட்டிக்கொடுத்தாள். கோழி கிளறியது போன்ற கையெழுத்தாக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் என் கை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உறுப்பெழுத்துக்கு முதல் பரிசு வாங்கிய கை. ஒவ்வொரு எழுத்தும் முத்து. செயலி ஒன்றையும் விடாமல் வாசித்தது.

திங்கட்கிழமை நான் திரும்பி வந்தபோது எனக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. மேரி பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள்: சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசேஷ சபைக் கூட்டம். வாங்குதான் முடிவாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சாதாரணமாகப் பார்வையாளர் வரிசையில் நானும் ஒரு நாயும்தான் இருப்போம். அன்று நாற்பது பேர். கதவருகே ஒடீலின் கணவர் நின்றார், ஆறடி மனிதர், நிலையில் தலை முட்டியது. மேசையின் பச்சைத் துணியில் என் நீல அட்டைக் குறிப்பேடு. மேயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்தார்.

"இது சுசான் எங்களைப் பற்றி எழுதியது," என்றார். "முதலாவது: 'மேயர் ஆட்டின் தலை.'"

நான் எழுதியது 'மேயர் தலையை ஆட்டினார்'. மண்டபம் சிரித்தது. ஆடு வளர்ப்பவர் என்பதாலோ என்னவோ அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"இரண்டாவது: 'வாங்கு பற்றிய விவாதத்தில் என் காது நொதித்துவிட்டது.' வைத்தியரிடம் காட்டினீர்களா?"

'காது புளித்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். இப்போது சிரிப்பு கூடியது, நானும் சிரித்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது.

"மூன்றாவது," என்று தொடங்கிய மேயர் நிறுத்தினார். தாளை ஒடீலிடம் தள்ளினார். ஒடீல் எழுந்து நின்று, நடுங்காத குரலில் வாசித்தார்.

"'ஒடீல் மேயரின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.'"

பிரெஞ்சில் வாலுக்கு உள்ள சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் அம்மா இந்தக் கட்டுரையைத் தொடர்ந்து படிக்க மாட்டார். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கதவருகே ஆறடி மனிதர் கையைக் கட்டியிருந்ததை அவிழ்த்தார்.

"இல்லை, இல்லை!" என்று துள்ளி எழுந்தேன். "அது எங்கள் மொழியில் ஒரு வழக்கு. கெட்ட அர்த்தம் இல்லை. ஒருவர் இன்னொருவரைச் சும்மா புகழ்ந்துகொண்டு, அவர் சொல்வதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழியைத் தோண்டுவது நான்தான் என்று புரிந்தது. ஒடீல் என்னைப் பார்த்தார்.

"ஓம் சொல்கிறேனா? இருபது வருடமாக இந்த மனிதர் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் நான் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன். பிறகு, 'நீங்கள் எழுதியது நன்றாக இருந்தது, மிஷேல்' என்று சொல்லி அனுப்புகிறேன். பதினொரு மாதம் பார்த்தது இதைத்தானா?"

மேயர் மெதுவாகத் திரும்பி ஒடீலைப் பார்த்தார். அவருக்கும் அது புதிய செய்தி என்று முகத்தில் தெரிந்தது.

எனக்கு அங்கேயே சுருண்டு படுத்துவிடலாம் போலிருந்தது. யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதுதான் என் ஆய்வின் தலைப்பே. கடிதங்களை எழுதுகிறவர், சாவியை வைத்திருக்கிறவர், எல்லாருடைய பிறப்பையும் இறப்பையும் பதிகிறவர் என் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறார். அவர் மேயரைப் பார்த்துச் சிரித்ததை மட்டும் நான் எழுதியிருக்கிறேன்.

"கடைசி ஒன்று," என்றார் மேயர். அவருக்கும் களைப்பு வந்துவிட்டது. "'ழெரார் மேயரின் காலைப்பொழுதைச் சீவப்போகிறார். எட்டுப் பேர் கையின் உள்ளே.' இது என்ன?"

'ழெரார் மேயரின் காலை வாரப்போகிறார். எட்டுப் பேர் கையில்.' செயலிக்குக் காலும் காலையும் ஒன்று. வாருவதும் தலை வாருவதும் ஒன்று. பாவம், அதைக் குறை சொல்லி என்ன!

ழெரார் வெளுத்துப்போனார். நான் வாழ்க்கையில் சொன்ன மிக மோசமான பொய்யை அப்போதுதான் சொன்னேன்.

"அது... வாழ்த்து. மேயர் காலையில் அழகாக இருக்க வேண்டும் என்று ழெரார் விரும்புகிறார்."

"அந்த எட்டுப் பேர்?"

"அவர்களும் விரும்புகிறார்கள்."

மேயர் கண்ணாடியைக் கழற்றினார். "சுசான், என் ஆடுகளே உங்களைவிட நன்றாகப் பொய் சொல்லும். ஒடீல், இவருடைய வாடகைப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க ஒரு எண் இருக்குமே?"

அந்த எண் அப்பா வேலை செய்த கடையின் எண். அப்பா தன் கைபேசியை எடுப்பதே இல்லை என்பதால் அதை எழுதியிருந்தேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் நிறையும் நேரம். ஒடீல் ஒலிபெருக்கியில் போட்டு அழைத்தார். முதலில் கேட்டது கொத்துரொட்டி அடிக்கும் சத்தம். பிறகு அப்பாவோடு வேலை செய்யும் ரவி அண்ணை, ஒடீல் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினார்.

"அண்ணை! உங்களுக்குப் போன்! மேரியாம்!"

"எந்த மேரி?" என்று யாரோ கேட்க, குசினி முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. மேரி என்றால் அவருக்குப் பதிவு, அட்டை, முத்திரை. கையைத் துடைத்துவிட்டு ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"வணக்கம், மேயர் ஐயா," என்றார் பிரெஞ்சில். "எல்லாப் பப்பியேயும் சரியாக இருக்கிறது."

'பப்பியே' என்றால் ஆவணங்கள். எங்களில் பாதிப் பேர் பிரெஞ்சில் முதலில் கற்ற சொல்லும் கடைசியில் மறக்கப்போகும் சொல்லும் அதுதான்.

பிரச்சினை ஒன்றுமில்லை, ஒரு வசனத்துக்குப் பொருள் வேண்டும் என்று மேயர் மிகப் பணிவாகக் கேட்டார். ஒடீல் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, ரவி அண்ணை சொன்ன கைபேசி எண்ணுக்கு அனுப்பினார். படம் வந்ததும் அப்பா முதலில் தமிழில்தான் பேசினார்.

"உது என்ர மகளின்ர எழுத்தெல்லோ! பாரடா ரவி, என்ன வடிவு!"

"அப்பா!" என்று நான் பின்வரிசையிலிருந்து கத்தினேன். "நான்தான்! சொல்லாதேங்கோ! அந்த வசனத்துக்கு என்ன கருத்தெண்டு சொல்லாதேங்கோ!"

"சொல்லாமலோ? மேரி கேக்குது பிள்ளை."

"கேட்டாலும் சொல்லாதேங்கோ, அப்பா. நான் ஒரு மனுசனுக்கு வாக்குக் குடுத்தனான்."

அடுப்பைக் குறைக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்.

"இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு வருசம். ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் நான் பொய் சொல்லேல்லை. ஒரு பொய்யெண்டாலும் கண்டுபிடிச்சாங்களெண்டால் உங்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்களெண்டு பயந்து பயந்து இருந்தனான். இப்ப சொல்லச் சொல்லுறியோ?"

எங்களுக்கு எப்போதோ குடியுரிமை கிடைத்துவிட்டது. அப்பாவின் பயத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, குசினியில் கற்ற பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். இலக்கணம் இல்லை, ஆனால் ஐயத்துக்கும் இடமில்லை.

"மேயர் ஐயா. ழெரார், கால் இழுக்கிறது. மேயர், விழுகிறது. பூம்! எட்டு ஆள் கூட. பட்டியல் ரெடி."

மண்டபத்தில் இருந்த நாற்பது பேரும் ழெரார் பக்கம் திரும்பினார்கள். ஒலிபெருக்கி மட்டும், "அலோ? அலோ? பப்பியேக்குப் பிரச்சினை இல்லைத்தானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லை, ஐயா," என்றார் மேயர். "மிக்க நன்றி. உங்கள் மகளின் கையெழுத்து உண்மையிலேயே அழகு."

பிறகு அவர் ழெராரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னிடம் கேட்டிருக்கலாமே," என்றார். "நானே இந்த முறை நிற்காமல் விட்டிருப்பேன்."

"நீ ஒவ்வொரு முறையும் அப்படித்தான் சொல்கிறாய்," என்றார் ழெரார்.

கூட்டம் அத்தோடு முடிந்தது. என்னை யாரும் திட்டவில்லை. திட்டுவதற்கு நான் ஒரு ஆளாகவே இல்லை. வெளியே வந்தபோது ழெரார் மட்டும் என் அருகே நின்று, "நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்," என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை, எழுதித்தான் வைத்தேன் என்று விளக்க வாயெடுத்தேன். அவர் போய்விட்டார். இன்றைக்கும் அந்த விளக்கம் தொண்டையில் இருக்கிறது.

வீட்டில் அம்மா நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து நிமிராமலே சொன்னார்: "ரகசியமெண்டால் எழுதக் கூடாது. வன்னியிலை நாங்கள் எழுதியோ வைச்சிருந்தனாங்கள்?" பல்கலைக்கழகத்தில் ஆய்வு முறைமை என்று இரண்டு ஆண்டு படிப்பித்தார்கள். இந்த ஒரு பாடம் அதில் இல்லை.

ழெராரின் எட்டுப் பேரும் அடுத்த வாரமே தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். மனம் கசந்த மிஷேலும் தேர்தலில் நிற்கவில்லை. மேரி வேலையை விட்டுவிட்டு, தன் பட்டியலைத் தானே அழகான பிரெஞ்சில் எழுதி நின்றவர் ஒடீல். எதிர்ப்பில்லாமல் வென்று மேயரானார். வாங்கு இப்போது தேவாலயத்தையும் பார்க்கவில்லை, வீதியையும் பார்க்கவில்லை, மேரியைப் பார்த்து இருக்கிறது.

"ஆய்வாளர் களத்தைப் பாதித்துவிட்டார்," என்று பேராசிரியர் எழுதினார். நாகரிகமான மனிதர். முனைவர் பட்டம் அத்தோடு நின்றது. இப்போது எனக்கு முப்பத்தைந்து நெருங்குகிறது. லா ஷப்பலில் ஒரு சிறிய அறையில் இருந்து, வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அவர்கள் சொல்வதை மட்டும்தான் எழுதுகிறேன், அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை.

அப்பாவுடைய பக்கத்தில்தான் கதை வளர்ந்தது. அன்று குசினியில் இருந்தவர்கள் ஆளுக்கொருவருக்குச் சொல்ல, மாத முடிவில் அது ரூ பெர்தொனேயைத் தாண்டிவிட்டது. ஒரு மேயர் அப்பாவுக்குப் போன் எடுத்து அரசியல் ஆலோசனை கேட்டதாகவும், அப்பா ஒரே வசனத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பியதாகவும் அது இப்போது நிலைத்துவிட்டது. சங்கத்தில் தலைவர் தேர்தல் வந்தால் இரண்டு அணியும் அப்பாவிடம் வருகின்றன. "வேண்டாம், தம்பி. ஒரு மேயரை விழுத்தினது காணும்," என்று அவர் கையை உதறுகிறார்.

போன கோடையில் மிஷேல் பாரிசுக்கு வந்தார். அன்று போனில் கேட்ட அந்தச் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். பையில் அவரே செய்த ஆட்டுப்பால் வெண்கட்டி. அங்கே சாப்பிட வந்திருந்த நான் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். அப்பா குசினியிலிருந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டு, கடையில் இருந்த எல்லாரையும் பார்த்துத் தமிழில் அறிவித்தார்.

"இவர்தான் அந்த மேயர். நான் விழுத்தினவர்."

கடை எழுந்து நின்று கைதட்டியது. மிஷேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. அவரும் எழுந்து எல்லாருக்கும் கையசைத்தார். பக்கத்து மேசையில் புதிதாக வந்த ஒருவர், நான் யார் என்று ரவி அண்ணையிடம் மெல்லக் கேட்டார்.

"அவவோ? அண்ணையின்ர மகள்," என்றார் ரவி அண்ணை. "அந்த நேரம் அவவும் அங்கை சும்மா நிண்டவவாம்."